வராதவனை ஏசும் பாட்டு

5.4.2005, செவ்வாய்

வெயில். கூடாரத்துக்குள் இருந்தால் அவித்த கிழங்கு. யாரும் நம்பப்போகாத ஒரு கதையை இந்தக் கொப்பியில் எழுதப்போகிறேன். கடல், வானம், பெரியகல்லாற்றுக் காகங்கள் அனைத்தின்மேலும் ஆணை.

உதவி அமைப்பிலிருந்து வந்த பிள்ளை ஒரு படிவம் தந்தாள். எங்கள் கரைவலைப் பாட்டின் 'கருத்தும் பண்பாட்டுப் பெறுமதியும்' எழுதித் தரவேண்டுமாம். ஈரேழு உலகிலும் அதற்குத் தகுதியானவன் நான்தான். நாற்பது வருடமாகக் கரையில் நின்று கயிறு பிடித்து வலை இழுக்கும்போது முன்பாட்டு என்னுடையது. என் குரலுக்குச் சுறா திரும்பிப் பார்க்கும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள், பாவம்.

செய்ய: புது வலைக்கு ஈயம் கட்டல். முழங்காலுக்கு எண்ணெய். தங்கை பூமணிக்கு அரிசி.

6.4, புதன்

மப்பு வானம். படிவம் இன்னும் வெறுமை. முதலில் எழுதியது: 'இராவணன் வலை இழுத்தபோது இயற்றியது.' வெட்டினேன்.

உள்ளபடி சொன்னால், பாட்டில் சாமி இல்லை. காதலும் இல்லை. வேலைக்கு வராதவனைப் பேர் சொல்லி ஏசுவதுதான் மொத்தமும்.

'விடிஞ்சு போச்சு, பாயைச் சுருட்டடா,
உன்ட கயிறு காயுதடா!'

கரையில் நிற்கும் அவன் பெண்சாதி திருப்பிக் கத்தவேண்டும்: "வாறார், வாறார், உடுக்கச் சாரன் தேடுறார்!" எல்லோரும் சிரிக்க, வலை ஒரு முழம் கரைக்கு வரும். செத்தவன் பேரை மட்டும் கூப்பிடுவதில்லை. ஆகவே கருத்து: ஏச்சு விழுகிறவன் இன்னும் வருவான்.

இதற்குமேல் கை ஓடவில்லை.

நல்லரெத்தினம், என் தங்கை பூமணியின் புருஷன். மார்கழியில் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை. தினமும் அவனுக்கும் ஒரு கோப்பையில் சோறு. வெள்ளிக்கிழமை, சுனாமிக்குப் பிறகு முதல் இழுவை.

7.4, வியாழன்

காற்று. பூமணி வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு அவர்ட பேரைக் கூப்பிடுவீங்கதானே?"

"தொண்டை கட்டிக் கிடக்கு புள்ள."

"சுறா திரும்பிப் பாக்கிற தொண்டையோ?"

தேத்தண்ணி ஊற்றினேன், குடிக்கவில்லை.

"நீங்க கூப்பிடாட்டி, நீங்கதான் அவரைச் சாகக் குடுத்தீங்க எண்டு அர்த்தம்." போய்விட்டாள்.

கயிற்றில் எனக்குப் பின்னால் நிற்கும் கணவதியிடம் கேட்டேன். ஈயத்தைக் கடித்து இறுக்கிக்கொண்டே சொன்னான்: "கூப்பிட்டா, அவள் இன்னும் பத்து வருசத்துக்குச் சோறு வைப்பாள் மச்சான்."

இரண்டு பேரும் சரி. அதுதான் களைப்பு. சீனி முடிந்துவிட்டது.

8.4, வெள்ளி

கடல் பூனை மாதிரி. ஒன்றும் செய்யாததுபோல் கிடந்தது.

கயிற்றில் பாதி ஆட்கள்கூட இல்லை. முன்பாட்டு எடுத்தேன். வராதவர் எல்லோரும் செத்தவர்கள், ஏச ஆளில்லை. வந்து நின்ற கணவதியையே இரண்டு தரம் ஏசினேன்.

"இஞ்சதானே நிக்கிறன், மடையா!"

சிரித்தார்கள். வலை வந்தது. மூன்றாம் முறையும் கணவதி என்றுதான் வாயைத் திறந்தேன். 'நல்லரெத்தினம், உன்ட கயிறு காயுதடா' என்று வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. கயிறு நின்றது. கரையில் பூமணி. சாரன் தேடுகிறார் என்பாளோ, கஞ்சி குடிக்கிறார் என்பாளோ.

"அவர் வரமாட்டார் அண்ணே," என்றாள். "நான் வாறன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புருஷன் வழக்கமாக நிற்கும் இடத்தில் வந்து நின்றாள். எங்கள் கரையில் பெண் கயிறு தொட்டதில்லை. கணவதி சற்றே நகர்ந்து இடம் விட்டான்.

மறுகா, வலை கரை சேர்ந்தபோது, உள்ளே ஏழு திமிங்கிலம், ஒன்றின் வயிற்றில் மாட்டு வண்டி, மாடு இன்னும் அசைபோட்டபடி. படிவத்தில் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். பட்டது அரைக் கூடை நெத்தலி. அவள் கயிறு பிடித்தது மட்டும் உண்மை.