கிணற்றின் மேல் ஒரு சுவர்

ஸ்ரீரங்கம், பிரமோதூத வருஷம் (1930)

ஐப்பசி 3, ஞாயிறு

திருச்சிராப்பள்ளி ஜில்லா நீதிமன்றத்தில் சிரஸ்தார் உத்தியோகம் பார்க்கும் சௌரிராஜன் ஆகிய நான், ஐம்பதாவது வயதில், என் வீட்டுக் கொல்லையில் நடக்கவிருக்கும் கட்டட வேலையை உள்ளது உள்ளபடி எழுதிவைக்கும் பொருட்டு இதைத் தொடங்குகிறேன். ஏன் இப்படிக் கட்டினாய் என்று பிற்பாடு யாரேனும் கேட்டால், கேட்பவன் நானாகவே இருந்தாலும், விடை இதில் இருக்க வேண்டும்.

தம்பி அழகியமணவாளன் மலாய் நாட்டு ஈப்போவிலிருந்து மனைவியோடு திரும்புகிறான். ரப்பர் விலை விழுந்ததில், அவன் கிராணியாக இருந்து கணக்கெழுதிய தோட்டத்தை மூடிவிட்டார்கள். இந்த வீட்டைத் தவிர அவனுக்குப் போக்கிடம் இல்லை. கடல் கடந்தவன் பிராயச்சித்தம் செய்துகொள்ளாமல் நம் தளிகையில் உண்ணலாகாது என்பது எங்கள் குடும்பத்தில் இதுவரை மீறப்படாத விதி. அதை அவனுக்கு எழுதியிருந்தேன். பதில் வந்தது: "பன்னிரண்டு வருஷமாக இங்கே ஒரு வேளை சந்தியாவந்தனம் தவறவில்லை, அண்ணா. எந்தக் குற்றத்துக்குப் பிராயச்சித்தம்? தனியாகச் சமைத்துக்கொள்ள ஒரு தளிகையுள் இருந்தால் போதும். நம்பகமான ஆளாகப் பார்த்து அண்ணாவே கட்டிவைக்க வேண்டும். இங்கிருந்துகொண்டு நான் யாரைத் தேட?"

ஆகவே, கொல்லைக் கோடியில் ஒரு தளிகையுள், ஓர் அறை. அவற்றுக்கும் பழைய வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். மார்கழியில் புது இடத்தில் குடிபுகுவதில்லை. கார்த்திகைக்குள் அங்கே பால் காய்ச்சியாக வேண்டும்.

ஐப்பசி 5, செவ்வாய்

எங்கள் குடும்பப் புரோகிதர் வாத்தியார் ஸ்வாமியிடம் சந்தேகங்களைக் கேட்டேன். கிணறு ஒன்றே போதுமாம். தனிக் குடம், தனிக் கயிறு, நடுவே மறைப்பு இருக்க வேண்டும். புறப்படும்போது, "பாசத்துல பக்கத்துல உக்காந்துடாதே, சௌரி. கூட உக்காந்து சாப்பிட்டவனுக்கும் அதே பிராயச்சித்தம்தான்" என்றார். குறித்துக்கொண்டேன்.

ஐப்பசி 10, ஞாயிறு

உறையூரிலிருந்து மருதை என்ற கொத்தனார் வந்தார். மழைக் காலத்தில் பூச்சு காயுமா என்றேன். "காயும் சாமி." பத்து நாளில் முடியுமா? "முடியும் சாமி." ஏழு நாளில்? "அதுவும் முடியும் சாமி."

அனுப்பிவிட்டேன்.

ஐப்பசி 13, புதன்

தென்னூர் சவரிராயன் மேஸ்திரி வந்தார். கிறிஸ்தவர். கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதலில் தம்மால் ஆகாதவற்றையே சொன்னார். நனைந்த சுவருக்குப் பூச மாட்டார். பழைய செங்கல் கலக்க மாட்டார். "ஞாயித்துக்கிழமை வர மாட்டேன் சாமி. கலெக்டர் கூப்பிட்டாலும் வர மாட்டேன். திருநாளுக்கும் வர மாட்டேன்."

என் தரப்பில் செவ்வாய், அமாவாசை, ஏகாதசி ஆகிய நாட்களில் வேலை கூடாது என்றும், ராகு காலத்தில் எதையும் தொடங்கக் கூடாது என்றும் சொன்னேன். விரலை மடக்கிப் பார்த்தார். "அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற நாளே இல்லை போலிருக்கே சாமி!"

"இருக்கிற நாளில் வந்தால் போதும்."

"வரேன்னு சொன்னா வருவேன். வர முடியலேன்னா முதல் நாளே ஆள் அனுப்பிச் சொல்லிடுவேன்."

இவரையே அமர்த்தினேன். வேலையாட்கள் கொல்லைச் சந்து வழியாகவே வந்து போக வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காக மதிலில் சிறிது இடித்துக்கொள்ள அனுமதித்தேன்.

ஐப்பசி 24, ஞாயிறு

மழை. அஸ்திவாரத்தில் தவளைகள்.

கார்த்திகை 4, புதன்

வானம் வெளுத்தது. தளிகையுள் சுவர்கள் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டன. இன்று நடுச்சுவர். கிணற்றின் வாயில் குறுக்கே ஒரு தண்டவாளத் துண்டைப் போட்டு, அதன் மேல் சுவர் எழுப்பினார்கள். பொன்மலை ரயில் பட்டறையில் ஏலத்தில் எடுத்த துண்டு. மேஸ்திரி அதன் மீது ஏறி நின்று குதித்துக் காட்டினார்.

என் மனைவி செண்பகவல்லி கொல்லை வாசல் நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்டவாளம் போட்டாச்சு. ரயில் எப்போ, ஏன்னா?" என்றாள். மேஸ்திரி தோள்துண்டால் சிரிப்பை மறைத்துக்கொண்டார். நான் சுவரின் உயரத்தைச் சொன்னேன்: ஆள் உயரம், அதற்கு மேல் ஒரு முழம்.

கார்த்திகை 12, வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆயினும் எழுத வேண்டும்.

புகை போகும் வழியை யோசித்தேன். சாக்கடை போகும் வழியை யோசித்தேன். இறைக்கும் தண்ணீர் தெறிக்கும் தூரத்தைக்கூட யோசித்தேன். இன்று காலை செண்பகவல்லி கேட்டாள்: "அதெல்லாம் சரி, அவா எந்த வழியா உள்ளே வருவா?"

அதை யோசிக்கவில்லை. நடுச்சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அடைத்து நிற்கிறது. அதில் ஒரு நிலை வைத்தால், தம்பி குடும்பம் எங்கள் கூடத்தைத் தாண்டி, பெருமாள் எழுந்தருளியிருக்கும் உள்ளைத் தாண்டி, தளிகையுள்ளைத் தாண்டித்தான் தினமும் போய்வர வேண்டும். அப்படியானால் சுவர் எதற்கு? மற்றொரு வழி, மதிலில் இடித்த இடம். அது திறப்பது கொல்லைச் சந்தில். தோட்டி வந்து போகும் சந்து அது. அந்த வழியாக இத்தெருவில் எவரும் ஒரு விருந்தாளியை வீட்டுக்குள் அழைத்ததில்லை.

வேலையாட்கள் தினமும் அந்த வழியாக வந்ததால் வழி இருப்பதாகவே எண்ணிவிட்டேன்.

"கூடப் பொறந்தவனைத் தோட்டி சந்து வழியா வரச் சொல்லப்போறேளா?" என்றாள்.

மேஸ்திரியும் கேட்டார்: "நெலை எந்தப் பக்கம் சாமி? இன்னைக்குச் சொன்னாத்தான் தச்சன் செஞ்சு குடுப்பான்." நாளை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நீதிமன்றத்துக்குப் புறப்பட்டேன்.

கார்த்திகை 13, வெள்ளி

சந்துப் பக்கம் என்று சொன்னேன்.

கார்த்திகை 27, வெள்ளி

வேலை முடிந்தது. செண்பகவல்லி சந்து வழியாகப் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்து, தலைக்குக் குளித்தாள்.

மேஸ்திரி விடைபெற்றார். "கொறை ஏதாவது இருந்தா சொல்லி அனுப்புங்க சாமி." வேலையில் குறை இல்லை என்றேன். அது உண்மை.

மார்கழி 8, செவ்வாய்

வந்துவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, ரயிலில் ஸ்ரீரங்கம். வண்டி நேரே வாசலுக்கு வந்தது. தம்பிக்கு முழுவதும் நரைத்துவிட்டது. தெருவிலேயே விழுந்து சேவித்தான். எழுந்து வேஷ்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வாசற்படியில் கால் வைக்கப் போனான்.

"வழி பின்பக்கம்" என்றேன்.

"கொல்லைச் சந்தா?"

"ஆமாம்."

தூக்கிய காலைக் கீழே வைத்தான். "சரி, அண்ணா." வண்டிக்காரன் காத்தானிடம், "திருப்புப்பா" என்றான்.

"அந்தச் சந்துல மாடு நுழையாது சாமி. நடந்துதான் போகணும்."

தம்பியின் மனைவி வத்ஸலா முதலில் இறங்கி ஒரு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நடக்கறது நல்லதுதான். கப்பல்ல உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு" என்றாள், யாரையும் பார்க்காமல். மற்ற மூட்டைகளைக் காத்தானும் தம்பியும் தூக்கிக்கொண்டார்கள்.

தெரு முனை திரும்பும் வரை நான் வாசலில் நின்றேன். செண்பகவல்லி நிற்கவில்லை.

மார்கழி 9, புதன்

விடியற்காலையில் கிணற்றில் இரண்டு குடங்கள் ஒரே சமயத்தில் இறங்கின. சுவருக்கு அப்பாலிருந்து அவன் குரல்: "தீர்த்தம் மேலேயே இருக்கு, அண்ணா."

"மழை நன்றாகப் பெய்தது" என்றேன்.

இன்றைய பேச்சு அவ்வளவே.

மார்கழி 12, சனி

ஒரு வேளை சந்தியாவந்தனம் தவறவில்லை என்று எழுதியிருந்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாலே கேட்கிறது. அவன் சொன்னது உண்மை. மந்திரத்தில் எங்கள் தகப்பனார் மூச்சு விடும் இடத்தில் அவனும் மூச்சு விடுகிறான். நான் அதை எப்போதோ மாற்றிக்கொண்டுவிட்டேன்.

மார்கழி 16, புதன். வைகுண்ட ஏகாதசி

உபவாசம். பரமபத வாசல் திறக்கும் வேளைக்குக் கோயிலுக்குப் போனேன். அந்த நெருக்கத்தில் யார் மேல் யார் படுகிறார்கள் என்று பார்க்க முடியாது; பார்ப்பதும் வழக்கமில்லை. வாசலை நெருங்கும்போது பக்கத்தில் தம்பி அழகு. எப்போது வந்தான் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. நான் தடுமாறினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அந்த வாசலை இரண்டு பேரும் சேர்ந்தே கடந்தோம்.

வெளியே வந்ததும் கையை விட்டான். தெரு முனை வரை ஒன்றாக நடந்தோம். ஈப்போவில் இந்த நாளில் தகரக் கொட்டகையில் பெருமாள் படம் வைத்துச் சேவிப்பார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தான். முனை வந்தது. அவன் சந்துப் பக்கம் திரும்பினான்.

"வரேன், அண்ணா."

ஒரே வீட்டுக்குத்தான் போகிறோம். எதற்கு 'வரேன்'? ஒரே கிணத்துத் தண்ணியைத்தானே குடிக்கறோம் — யாருக்கு யார் 'வரேன்' சொல்லிக்கறது? என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்?

மார்கழி 17, வியாழன். துவாதசி

இன்னும் விடியவில்லை. நீராடிவிட்டு எழுதுகிறேன்.

வாத்தியார் ஸ்வாமி சொன்னதை மறுபடி படித்தேன். கூட உட்கார்ந்து உண்டவனுக்கும் அதே பிராயச்சித்தம். உண்ணவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. உண்டால் என்ன செய்ய வேண்டும் என்றே சொன்னார்.

செண்பகவல்லியிடம், இன்று இங்கே தளிகை வேண்டாம் என்றேன்.

"துவாதசியும் அதுவுமா பட்டினியா?"

"துவாதசிக்கு வாங்கிய அகத்திக்கீரையை எடுத்துக்கொள். சந்து வழியாகப் போகப் போகிறோம்."

உள்ளே ஓடிய வேகத்தில் கீரைக் கட்டோடு நெல்லிக்காய் ஜாடியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கிணற்றடிக்குப் போனேன். அந்தப் பக்கம் ராட்டினம் உருண்டுகொண்டிருந்தது. "அழகு, இரண்டு இலை கூடப் போடச் சொல்" என்றேன். ராட்டினம் நின்றது.

"அண்ணா, அப்புறம் உங்களுக்கு —"

"பிராயச்சித்தம். தெரியும்."

குடம் கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. கயிற்றை விட்டுவிட்டான் போலிருக்கிறது.

ஆகவே, சௌரிராஜன் ஆகிய நான் இப்போது கொல்லைச் சந்து வழியாக நடந்து போய், தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உண்பேன். இன்று மேஸ்திரிக்கு இங்கிலீஷ் வருஷப் பிறப்பு, வர மாட்டார். நாளை தென்னூருக்கு ஆள் அனுப்பி, நடுச்சுவரில் ஒரு நிலை வைக்கச் சொல்வேன். விதிப்படி எனக்குரிய பிராயச்சித்தத்தைச் செய்துகொள்வேன். மறுபடி அவனோடு உண்பேன், மறுபடி செய்துகொள்வேன். எத்தனை முறை என்று விதியில் வரம்பு இல்லை.