மகன் ஒளித்து வைத்த கடிதம்

வைகாசி பன்னிரண்டு, செவ்வாய்.

மகள் வழிப் பேத்தி சுமதிக்கு டவுன் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை என் மகன் எட்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். சண்டையால் வாவிக்கு இந்தப் பக்கம் தபால் வருவதில்லை. எங்கள் கடிதமெல்லாம் டவுனில் அவன் கடைக்குத்தான் போகும். மின்சார வேலை படிக்க நேர்முகப் பரீட்சை நேற்று. இன்று மத்தியானம் வந்து, சோற்றைத் தின்றுவிட்டு, ஆற அமர எடுத்துக் கொடுக்கிறான்.

"ஏன்டா ஒளிச்சாய்?" என்றேன்.

"லைட் போஸ்டுல ஏறி வயர் இழுக்கிற பொட்டைய ஆரு கலியாணம் முடிப்பான்? ஊர் சிரிக்கும் அம்மா."

"போன கிழமை நீ கொண்டந்த ரேடியோவ ஆருடா திருத்தித் தந்த? அப்ப ஊர் சிரிக்கல்லியா?"

அன்றைக்கும் கடிதம் அவன் பையில்தான் இருந்திருக்கிறது.

சுமதி அழவில்லை. "பெத்தா, நாளைக்குப் போய்க் கேட்டா எடுப்பாங்களா?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

எங்கள் ஊரில் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவோம். அந்த வீட்டுக்கு அவளே லைட் போட்டால் மட்டும் இவர்களுக்கு மானம் போய்விடுமாம். நான் பெரியபிள்ளையானதும் பெற்ற ஐயா என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்தார். அவர் செத்தும் நான் அதை மறக்கவில்லை. இதையும் மறக்கமாட்டேன்.

விடிய முதல் தோணியில் அவளோடு நானும் போகிறேன். இடம் முடிந்தது என்றால், சேர்க்கும்வரை அந்த வாசலில் குந்தியிருப்பேன். மகனுக்கு இனி இங்கே சோறில்லை. அவன் குடியிருக்கிற பெண்சாதி வீட்டில் அடுப்பு எரிகிறதுதானே.