‘நெருக்கு’ என்றவர்

11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஏரி சாம்பல் நிறம். விமானக் கட்டுப்பாட்டு அறையின் ராடார் நாற்காலியிலிருந்து என்னை இறக்கி இன்றோடு இருபத்திரண்டு நாள். தம்பி மாரி வீட்டில் சாப்பாடு, தூக்கம்.

செய்தவை: துணி ஊற வைத்தது. நண்டு கழுவிக் கொடுத்தது. மேலதிகாரி ரா.வை மனதுக்குள் திட்டியது, நாலு தடவை.

பதினோரு மணிக்கு இரண்டு விமானம், வடக்கிலிருந்து. சென்னையில் இறங்கப் போகிறவை. நல்ல இடைவெளி. யாரோ ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள், என் இடத்தில்.

மாரியின் மனைவி கலா: "இன்னா அண்ணி, வானத்தையே பாத்துக்கினு கீறே?"



12, புதன்

முதல் விசாரணை அறிக்கையின் நகல் மொபைலில் வந்தது. "கட்டுப்பாட்டாளர் தன்னிச்சையாக இடைவெளியைக் குறைத்தார்." எங்கள் ஷிப்ட் மேற்பார்வையாளர் ரா. எழுதிக் கொடுத்த வாக்குமூலம். மூன்று தடவை படித்தேன். தன்னிச்சையாக!

அன்று நடந்தது, எனக்காக மட்டும்: நல்ல மழை. இறங்க ஒன்பது விமானம் காத்திருப்பு. என் முதுகுக்குப் பின்னால் நின்று ரா. சொன்னார், "நெருக்கு, இன்னும் நெருக்கு, நான் பாத்துக்கறேன்." நெருக்கினேன். முன்னால் போனது வேகத்தைக் குறைத்தது, பின்னால் வந்தது குறைக்கவில்லை. மூன்று மைல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை. மேகத்துக்குள். பின்னதை மேலே ஏறச் சொன்னேன். ஏறிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திரும்பிப் பார்த்தால் ரா. அங்கே இல்லை.

பக்கத்து நாற்காலி ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன்.

"நான் எதையும் கேக்கலைன்னு எழுதிக் கொடுத்துட்டேன்டி. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அவள் மேல் கோபம் வரவில்லை. இருக்கிற கோபம் முழுதும் அவருக்கு.

13, வியாழன்

வெயில். மாரி வலை உலர்த்தினான். அவனிடம் எல்லாம் சொன்னேன்.

"எங்க வலைய ஒருத்தன் அறுத்தா ஊரு நடுவுல நிக்க வெச்சு கேப்போம். நீ இன்னாக்கா, படிச்சவ, குந்திக்கினு அழுவுற?"

அழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அறையின் கூரையில் ஒரு மைக் உண்டு. பேசுவதெல்லாம் பதிவாகும். யாரும் எழுதிக் கேட்காவிட்டால் முப்பதாம் நாள் அழிந்துவிடும். விசாரணைக்கு எடுத்தது விமானிகளோடு பேசிய ரேடியோ பதிவை மட்டும். ரா. மைக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. நாளைக் கடத்துகிறார்.

ஆனால் அந்தப் பதிவில் நானும் இருக்கிறேன். முன்னால் போன விமானத்தின் வேகம் இறங்கியது திரையில் தெரிந்தது. அப்போது ஸ்டெல்லா ஏதோ சொல்ல, அவள் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பத்து விநாடி. இது இதுவரை யாருக்கும் தெரியாது.

14, வெள்ளி

ரா. போன் செய்தார்.

"ரெண்டு மாசம் பயிற்சி, அப்புறம் உன் சீட்டுல உக்காந்துடலாம். தப்பு என்னுதுன்னு கையெழுத்து போடும்மா. மீன்காரங்க வீட்டுலருந்து இவ்ளோ தூரம் வந்திருக்கே, கெடுத்துக்காதே."

"சரி சார்" என்றேன். மீன்காரங்க வீடாம்.

உடனே உட்கார்ந்து விசாரணை அதிகாரிகளுக்குக் கடிதம். கூரை மைக் பதிவு வேண்டும், அந்த ஒரு மணி நேரம் முழுதும், வெட்டாமல். என்னை மறைத்துக்கொண்டு அவரை மட்டும் காட்ட முடியாது. பரவாயில்லை. நானும் விழுகிறேன். அவர் விழ வேண்டும்.

பஸ்ஸில் நின்றபடி பொன்னேரி. மின்னஞ்சல், பதிவுத் தபால் இரண்டும். திரும்பும்போது மல்லி ஒரு முழம். ஏன் வாங்கினேன், தெரியவில்லை.

28, வெள்ளி

விசாரணை. மூன்று அதிகாரிகள். எதிரே ரா., மடிப்புக் கலையாத சட்டை.

பதிவைப் போட்டார்கள். "நெருக்கு, இன்னும் நெருக்கு." ரா. தண்ணீர் குடித்தார். பிறகு என் சிரிப்பு. பத்து விநாடி இவ்வளவு நீளமா!

"இது நீங்களா?"

"ஆமா சார். அந்த நேரம் திரைய பாக்கலை. என் தப்பு."

"இந்தப் பதிவ நீங்களேதானே கேட்டீங்க?"

"ஆமா சார்."

ரா. தலை நிமிரவில்லை. நிமிரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தார்.

சாயங்காலம் முடிவு. அவருக்கு இனி மேற்பார்வைப் பொறுப்பு கிடையாது. பொய் வாக்குமூலத்துக்குத் தனி நடவடிக்கை. எனக்கு ஆறு மாதம் உரிமம் நிறுத்தம், பிறகு முதலிலிருந்து தேர்வு.

ரயில் மீஞ்சூர் தாண்டும்போது மாரியின் போன்.

"இன்னாக்கா ஆச்சு?"

"ரெண்டு பேருக்கும் போச்சு."

"அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சந்தோசமா சொல்ற?"

"சந்தோசந்தாண்டா."