ஷட்டர் மாற்றிய பிறகு எடுத்த படம்

என் அன்புச் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பக்கத்தில் இருக்கும் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நம் ஸ்டுடியோவின் பெரிய கேமரா போன மாதம் ஒரு கல்யாணத்தில் என்னைக் கைவிட்டுவிட்டது. மணப்பெண் தன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், நான் அழுத்துகிறேன், படத்தில் பாதி கறுப்பு. மறுபடி அழுத்தினால் முழுக் கறுப்பு. பையில் இருந்த சின்னக் கேமராவை எடுப்பதற்குள் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகிவிட்டார்கள். உன்னைப்போல அவளும் கடல் தாண்டித்தான் போகிறாள். மன்னிப்புக் கேட்டபோது அவள் அம்மா, "விடுங்கக்கா, என் கண்ணுல இருக்கு" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நீ காலேஜ் சேர்ந்த வருஷம் யானை விலை கொடுத்து வாங்கியது, மேலே ஒரு கீறல் கிடையாது, லென்ஸ் இன்றும் பளிங்கு. ஆனால் உள்ளே திறந்து மூடுகிற ஷட்டர் போய்விட்டதாம், கம்பெனிக்காரன் இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் செய்வதையே நிறுத்திவிட்டானாம், புதுசு வாங்கச் சொன்னார். அதைக் கேட்டு அப்பா, "எனக்கே இந்த வயசுல பல்லு கட்டிட்டாங்க, அதுக்கு வழியில்லையா" என்றார். அப்புறம் அதே மாடலில் தண்ணீரில் விழுந்து செத்துப்போன ஒரு கேமராவை அந்த மெக்கானிக்கே தேடிப்பிடித்து அதன் ஷட்டரைக் கழற்றி இதில் மாட்டிக்கொடுத்தார். "ஓடற வரைக்கும் ஓடும்க்கா. கல்யாணத்துக்கு இதை நம்பிப் போகாதீங்க, ஆனா பூட்டியும் வைக்காதீங்க, இறுகிப்போயிடும்" என்றார்.

அதனால் தினமும் காலையில் ஜன்னலோரம் பேப்பர் படிக்கும் அப்பாவை ஒரு படம் எடுக்கிறேன். பக்கத்திலேயே இருப்பவர் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சட்டைக் காலருக்குள் கழுத்து எவ்வளவு மெலிந்துவிட்டது, பேப்பர் பிடித்த கை ஒரு படத்தில்கூடத் தெளிவாக விழவில்லை. ஷட்டர் சரியில்லையோ என்று மேஜையையும் நாற்காலியையும் எடுத்துப் பார்த்தேன், அவை தெளிவாகத்தான் இருந்தன. டாக்டரிடம் கூட்டிப்போனேன். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இது மெல்ல மெல்லக் கூடும் என்றார். நீ வீடியோவில் கூப்பிடும் நேரம் தெரிந்தால் அப்பா தலை வாரி, நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்கிறார். அங்கே உனக்குத் தெரிகிற அப்பா வேறு. கடிதத்தோடு அந்தப் படங்களில் ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன், இதைப் பார்.

புதுக் கேமரா வாங்கி அனுப்புகிறேன் என்று கிளம்பிவிடாதே, வேண்டாம். லீவு கிடைத்தால் வா என்று இத்தனை வருஷம் சொன்னேன். இப்போது சொல்கிறேன், லீவு கேட்டு வா.

நோய்நொடி அண்டாமல், மனம் கோணாமல் இருவரும் நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. அப்பா கேட்டால் படம் அனுப்பியதைச் சொல்லாதே, அவருக்குத் தெரியாது.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா