முகம் கடைசியில்

ஜன. 13, செவ்வாய்
விடியவே தூறல். ஸ்ட்ரெதம் போகும் பஸ் பிந்தியது. நான் பராமரிக்கும் எவன்ஸ் ஐயாவுக்கு ஓட்ஸ் கஞ்சி தீத்தி முடிக்குமுன் ஓவியர் வந்துவிட்டார். ஐயா ஒரு காலத்தில் வேல்ஸில் ஷெரிப்; பொலிஸ் வேலை இல்லை, அரச நியமனமாக ஒரு வருடத்துக்கு வரும் கௌரவப் பதவி. அதற்கென்று ஒரு உடுப்பு: கறுப்பு வெல்வெட் கோட், கழுத்தில் லேஸ், இடுப்பில் வாள். அந்தக் கோலத்தில் ஆளுயர எண்ணெய் ஓவியம் வேண்டுமாம், அவருடைய ஊர் மண்டபத்துக்கு. அவரால் நிற்க ஏலாது. என் உயரமும் அவர் உயரமும் சரி என்று மகள் மீகன் எனக்கு உடுப்பை மாட்டி, அவருக்குப் பதிலாக ஓவியர் முன் நிறுத்திவிட்டாள். மூன்று மணித்தியாலம். நின்று நின்று இடுப்பு, நாரி எல்லாம் முறிந்தது. ஐயா நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

ஜன. 14
வீட்டில் மனிசியிடம் இதைச் சொன்னது பிழை. "சாகக் கிடக்கிற மனிசன்ரை உடுப்பை ஏனப்பா போட்டனீங்கள்?"
அண்ணையின் நினைவு. அவர் செத்தபோது அடையாள அட்டைப் படம் மட்டும்தான் கையில். ஸ்டூடியோக்காரன் யாரோ ஒருவனின் கோட்டுக்கு மேல் அண்ணையின் தலையை ஒட்டித் தந்தான். அம்மா அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. இப்போது அந்தக் கோட்டுக்காரன் நான்.

ஜன. 20, செவ்வாய்
வாங்க: பால், கையுறை, மருந்துச் சீட்டு.
ஐயாவுக்குக் கால் வீக்கம் கூடிவிட்டது. இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. இனி அதிக நாள் இல்லை; கழுவித் துடைக்கிறவனுக்குத்தானே தெரியும். முதலில் முகத்தை வரையச் சொல்லி ஓவியரிடம் கெஞ்சினேன். முகம் எப்போதும் கடைசியில்தானாம். தூங்கும் முகத்தை வைத்து என்ன செய்வது என்றும் கேட்டார். மீகனிடம் சொன்னேன். டொக்டர் ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். என் சொல் எங்கே எடுபடும்?
பின்னேரம் ஐயா விழித்து, முகம் வந்துவிட்டதா என்று கேட்டார். அடுத்த கிழமை என்றேன். வாய் கூசியது.

ஜன. 25, ஞாயிறு
காலை ஆறரைக்கு போன். முடிந்தது.
போய்க் கடைசியாகத் துடைத்துவிட்டேன். மீகனோடு கோபம். ஓவியரோடு கோபம். உரத்துச் சொல்லாத என்னோடும்.

பெப். 3, செவ்வாய்
குளிர். மீகன் கூப்பிட்டிருந்தாள். படத்தில் வாள், லேஸ், பொத்தான் எல்லாம் பளிச்சென்று. கழுத்துக்கு மேலே வெறும் மண்ணிறம். மேசையில் பழைய போட்டோக்கள், பாதி கறுப்பு வெள்ளை, மீதியில் கறுப்புக் கண்ணாடி. கண் என்ன நிறம் என்று ஓவியர் கேட்டார். மீகன் நீலம் என்றாள். பிறகு பச்சையோ என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.
நாலு வருடம் காலையும் மாலையும் சொட்டு மருந்து விட்ட கண்.
சாம்பல் என்றேன். இடது கண்ணில் மட்டும், கீழே, கடுகளவு மண்ணிறப் புள்ளி.
அப்படியொரு புள்ளி இருந்ததே தனக்குத் தெரியாது என்றாள் மீகன். கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னாள். வேறென்ன என்று கேட்டாள்.
ஐந்து மணி வரைக்கும் சொன்னேன்.