விடுபட்ட புள்ளிகள்

இன்று காலை மிளகாய்த்தூள் பேணியைத் திறந்ததும் தும்மல் வந்தது. கூடவே நினைவில் நீரும் வந்தீர். பேணியில் நீர் எழுதி ஒட்டிய துண்டு, விளிம்பு கழன்று தொங்குகிறது. மூன்று புள்ளி இருக்க வேண்டிய சொல்லில் ஒன்றுதான் இருக்கிறது.

“மற்றப் புள்ளியள் எங்கை?” என்று கேட்பேன்.

“ஏன், கறிக்குப் புள்ளியும் போடோணுமோ?” என்பீர்.

கையெழுத்திலும் அப்படித்தான். ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் குரோருட்டில் தபால் பொதி எடுக்கக் கையெழுத்து வைத்தால், ஒரு நாள் புள்ளி இருக்கும், மறுநாள் இராது.

அந்தக் கையெழுத்துக்காகவே ஒஸ்லோவிலிருந்து யாழ்ப்பாண நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வந்தது. என்னைக் கட்டியபோது உமக்குத் தந்த சீதனக் காணியை, பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டிருந்தவரே விற்றுவிட்டார். விற்க நீர் அதிகாரம் கொடுத்ததாக ஒரு பத்திரம். அடியில் உமது கையெழுத்து. எனக்கு எதிலும் சந்தேகம் வரும். அதில் மட்டும் வரவில்லை. அச்சாக உமது கைதான்.

“இவ்வளவு காலம் என்னோடை இருந்தும் தெரியேல்லையே?” என்று சிரித்தீர். பிறகு சிரிக்கவில்லை. “காணி போனால் போகட்டும். வித்துப்போட்டுப் பொய் சொல்லுறன் எண்டு சனம் கதைக்கக் கூடாது.”

பொய்க் கையெழுத்து என்று சொன்னவர்கள் நாங்கள். நிரூபிக்க வேண்டியவர்களும் நாங்களே. கிடைத்ததோ போட்டோப் பிரதி. பேனை எங்கே அழுத்தியது, எங்கே தயங்கியது என்பதெல்லாம் பிரதியில் தெரியாது என்றார் எங்கள் வழக்கறிஞர். ஒப்பிடுவதற்கு உமது பழைய கையெழுத்துகளைக் கொடுத்தோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவற்றையே பிடித்துக்கொண்டார்.

“இதிலை புள்ளி இருக்கு, அதிலை இல்லை. எதம்மா உங்கடை கையெழுத்து?”

“எல்லாம் என்ரைதான் ஐயா, நீங்கள் வைச்சிருக்கிறதைத் தவிர.”

மன்றமே சிரித்தது. எனக்கு வியர்த்தது.

மூலப் பத்திரம் மன்றத்துக்கு வருவதற்குள் நீர் போய்ச் சேர்ந்துவிட்டீர். வேலி அடைக்கச் சொல்லி, காணியைப் பார்த்துக்கொண்ட அந்த மனிதருக்கு நீர் முன்பு அனுப்பிய கடிதத்தை, கையெழுத்து நிபுணர் அந்தப் பத்திரத்தோடு வைத்துப் பார்த்தாராம். இரண்டு கையெழுத்தும் மயிரிழை பிசகாமல் பொருந்தினவாம். விடுபட்ட புள்ளிகூட அதே இடத்தில். எவருடைய கையும் இரண்டு தடவை அப்படி எழுதாது, ஒற்றி எடுத்தால்தான் வரும் என்றாராம். உமது கையோ ஒருநாளும் எழுதாது.

வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னார்: “ஐயா, அம்மா விக்கேல்லை எண்டு தீர்ப்பு வந்திட்டுது.”

“அவவிட்டைச் சொல்லுறன்” என்று சொல்லிவிட்டேன், வாய் தவறி.

இன்று புதிய துண்டு எழுத உட்கார்ந்தேன். என் கை மூன்று புள்ளியையும் வைத்தது. அது உமது பேணியாக இல்லை. உம்மைப்போல ஒரு புள்ளியோடு இன்னொன்று எழுதினேன். பார்த்தால், நல்ல ஒழுங்கான கள்ளக் கையெழுத்து! இரண்டையும் கிழித்தெறிந்துவிட்டு, உமதையே பசை தடவித் திரும்ப ஒட்டினேன். பேனை கையில்தான் இருந்தது. விடுபட்ட புள்ளிகளை நான் தொடவில்லை.