ஹீட்டரில் ஒட்டிய நான்கு வரி

சார்,

இன்று காலை கராஜ் கதவைத் திறந்தேன். கேஸ் வாடை அடித்தது.

லேசான வாடைதான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். முப்பது வருஷம் ஈரோட்டில் மாடி மாடியாகச் சிலிண்டர் சுமந்த மூக்கு இது, தப்பவில்லை. விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் உங்கள் ஹீட்டரையும் டியூபையும் புல்தரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சிலிண்டர் எப்போதும் வெளியேதான் நிற்கிறது. மாட்டிப் பார்த்து, கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கி, ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். நுரை வரவில்லை. டியூபுக்குள் தங்கியிருந்த பழைய மிச்சம்தான் போல. 

ஹீட்டரை நான் எடுத்ததற்குக் காரணம் உங்கள் மாப்பிள்ளை. நேற்று போன் பண்ணினார். ஏரி உறைந்துவிட்டதாம். சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரோடு மீன் பிடிக்கப் போகிறாராம். "மாமாவோட ஹீட்டர் உங்ககிட்டதானே இருக்கு அங்கிள்? அது ஆஃப் ஆயிட்டே இருக்கும்னு மாமா சொல்லுவார். வீடியோ பார்த்தேன். உள்ள ஒரு சென்சார் இருக்கு, அதை பைபாஸ் பண்ணிட்டா அணையவே அணையாதாம். நானே பண்ணிடறேன்" என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் கையெழுத்தில் கடிதமா என்று திகைப்பீர்கள். ஆமாம் சார், நானே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. 'ஞ' போடும்போது நாக்கு தானாக வெளியே வருகிறது, மருமகள் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எழுதி முடித்த வரியை நான் இரண்டு தரம் வாசிக்கிறேன். நான் எழுதியதை நானே வாசிப்பது எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? நீங்கள் சின்ன வயதிலேயே படித்துவிட்டவர், அந்த ருசி உங்களுக்கு மறந்திருக்கும்.

இப்போது புரிந்திருக்கும். நான் உங்களோடு பழகிய நாலு வருஷமும் எனக்கு எழுத்துத் தெரியாது. பெயரைப் படம் மாதிரி வரைவேன், அவ்வளவுதான். எண்கள் தெரியும். ஈரோட்டில் வீடுகளைக் கதவின் நிறத்தை வைத்து நினைவு வைத்திருப்பேன். மீன்பிடி உரிமத்துக்கு நீங்கள் நீட்டிய படிவத்தில் படித்த மாதிரி கண்ணை ஓட்டிவிட்டு, பெயரை வரைந்து கொடுத்தேன். மகனோடு இருக்க அமெரிக்கா வந்து, பார்சிப்பனி பூங்கா பெஞ்சில் முதல் நாள் சந்தித்தபோதே சொல்லியிருக்கலாம். நீங்கள் டெலிபோன் ஆபீஸில் அதிகாரியாக இருந்தவர் என்று தெரிந்ததும் வாயில் தானாக 'சார்' வந்துவிட்டது. "சாருன்னு கூப்பிடாதீங்கண்ணே, கூச்சமா இருக்கு" என்று எத்தனை தரம் சொன்னீர்கள். அந்தச் சாரை விட்டிருந்தால் உண்மையும் அன்றே வந்திருக்குமோ என்னவோ.

ஏரிக்குப் போன அந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். மூன்று நாளாகச் சுற்றி வளைத்து, பெஞ்சையும் பூங்காவையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புது ஹீட்டர் வாங்கி வந்த காலை நினைவிருக்கிறதா? அதன் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி, நீல மார்க்கரால் நாலு வரி எழுதியிருந்தீர்கள். "புஸ்தகத்துல இங்கிலீஷ்ல பத்துப் பக்கம் போட்டிருக்கான். உங்களுக்காகத் தமிழ்ல சுருக்கி எழுதியிருக்கேன். நான் மறந்தாலும் நீங்க பாத்துக்கணும். படிச்சிட்டீங்களா?" என்று கேட்டீர்கள்.

"படிச்சாச்சுங் சார்" என்றேன்.

உடனே நீங்கள் சிரித்துக்கொண்டே, "கேஸ் விஷயத்துல உங்களுக்கே நான் சொல்லணுமா" என்றீர்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏரியில் கூடாரம் போட்டு, ஐஸில் இரண்டு துளை போட்டு உட்கார்ந்தோம். சிலிண்டரை வெளியே ஐஸ் மேலேயே வைத்து, டியூபை உள்ளே இழுத்திருந்தோம். பத்து நிமிஷத்தில் நெருப்பு மங்கியது. வெளியே போய்ப் பார்த்தேன், சிலிண்டரின் அடிவயிற்றில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. தூக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் கேஸ் இருந்தது. எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊர் வெயிலில், சிலிண்டர் குளிர்ந்தால் கேஸ் வராது என்று யாருக்குத் தெரியும்? கேஸ் தீரும்போது ஈரோட்டுப் பெண்கள் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கவைத்து, இன்னும் ஒரு வேளைச் சமையல் ஓட்டுவார்கள். பண்ணக் கூடாது என்று ஏஜென்சியில் சொல்வார்கள், அவர்கள் பண்ணுவார்கள், நானும் பார்த்துக்கொண்டு வருவேன். அதையே செய்தேன். படுக்கவைத்தேன்.

கேஸ் திரவமாகவே டியூபுக்குள் ஓடி, உள்ளே குபீரென்று மஞ்சள் தீ எழுந்தது. உங்கள் குரங்குக் குல்லாயின் முனை பொசுங்கியது. ஓடிப்போய்ச் சிலிண்டரை நிமிர்த்தினேன். என்ன ஆச்சு என்று கேட்டீர்கள். காத்துங் சார் என்றேன்.

அந்தப் பொய்யோடு நின்றிருக்கலாம். காத்து என்று சொன்னதால், காற்றை அடைக்க வேண்டியதாயிற்று. கூடாரத்தின் மேலே ஒரு துவாரம், கீழே ஒரு துவாரம் இருந்தன. மேலே என் துண்டைச் சுருட்டித் திணித்தேன். கீழே பனியைத் தள்ளி மூடினேன். சிலிண்டருக்கடியில் ஒரு பலகையை வைத்தேன், அது ஒன்றுதான் அன்று நான் செய்த சரியான வேலை. கூடாரம் கதகதப்பானது. நீங்கள் கையைத் தேய்த்துக்கொண்டு, "சென்னை மாதிரி இருக்குண்ணே" என்றீர்கள்.

பிறகு ஹீட்டர் தானாக அணைந்தது. பற்றவைத்தேன். மறுபடி அணைந்தது. குமிழை அழுத்திப் பிடித்து மறுபடி பற்றவைத்தேன். மூன்று தரம் சார். அந்த இயந்திரம் மூன்று தரம் சொன்னது, மூன்று தரமும் நான் அதன் வாயை அடைத்தேன்.

நீங்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டீர்கள். தலைவலியா என்றேன். "ஒண்ணுமில்ல, குளிர்" என்றீர்கள். வார்த்தை குழைந்து வந்தது. எனக்கும் கண் சொருகியது, இதமான தூக்கம் என்று நினைத்தேன். அப்போது உங்கள் தூண்டில் முனை ஆடியது. நன்றாக வளைந்து ஆடியது. ஒரு சின்ன அசைவுக்கே துள்ளி எழுகிற ஆள் நீங்கள். அன்று அதையே பார்த்துக்கொண்டு, கையை மடியில் வைத்தபடி சும்மா இருந்தீர்கள். தூண்டில் வழுக்கித் துளைக்குள் போனது. அதையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்தப் பார்வை இப்போதும் என் முன்னால் நிற்கிறது.

கூடாரத்தின் ஜிப்பைக் கிழித்து, உங்களை அக்குளில் பிடித்து ஐஸ் மேல் இழுத்துப் போட்டேன். இரண்டு முழுச் சிலிண்டரின் கனம் இருந்தீர்கள். வாந்தி எடுத்தீர்கள். கால்மணி நேரம் கழித்து, "மீன் போச்சா?" என்று கேட்டீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் சார், அழுவதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்திருந்தேன். நீங்கள் கண்ணை மூடிக் கிடந்தபோது உள்ளே போய், துண்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன்.

காரில் நீங்கள் சொன்னது: "ஹீட்டர் சரியில்லண்ணே. பாதியில பாதியில அணையுது." ஆமாங் சார் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரு தரம் கேட்டேன், வேண்டாம் என்றதும் விட்டுவிட்டேன். வீட்டில் காலையில் காபி குடிக்காத மயக்கம் என்று சொல்லிக்கொண்டீர்கள். அடுத்த பங்குனியில் உங்கள் இதயம் நின்றுபோனது. அந்தக் கூடாரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாரைக் கேட்பேன்? கேட்டால் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காரியம் முடிந்து ஒரு மாதத்தில் உங்கள் வீட்டம்மா ஹீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும்ணா." முதுகில் அந்த டேப் அப்படியே இருந்தது. மறுநாள் காலையில்தான் மருமகளிடம் போய், "எனக்கு எழுத்துச் சொல்லிக்குடு கண்ணு" என்றேன். எதற்கு என்று கேட்டாள். பேப்பர் படிக்க என்றேன். ஆறு மாதத்தில் நான் முதன்முதலாகத் தனியாக வாசித்தது பேப்பர் இல்லை.

சிலிண்டர் நிமிர்ந்தே இருக்கவும், படுக்க வைக்க வேண்டாம். பலகை மேல் வைக்கவும், ஐஸ் மேல் வேண்டாம். மேல் துவாரம், கீழ்த் துவாரம் இரண்டும் எப்போதும் திறந்திருக்கவும். தானாக அணைந்தால் காற்று போதவில்லை என்று பொருள், மறுபடி பற்றவைக்காமல் வெளியே வரவும்.

ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி எழுதியிருந்தீர்கள். வாசித்து முடித்து கராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்று சனிக்கிழமை. மாப்பிள்ளை வந்துவிட்டுப் போனார்.

கையில் ஸ்க்ரூ டிரைவர் பெட்டியோடு வந்தார். மேஜையில் ஹீட்டரைக் கவிழ்த்து, முதல் திருகைத் தேடினார். நான் அதன் மேல் கையை வைத்தேன்.

"ஹீட்டர் மேல தப்பில்லைங் தம்பி. எம்மேல தப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கத் தெரியாததை, படுக்கவைத்ததை, துண்டை. அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்."

"அப்ப காத்து கொறைஞ்சா அணைக்கிற இந்த சென்சார்தான் உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தப் பாத்திருக்கு. நான் அதைக் கழட்ட வந்திருக்கேன்" என்றார். ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். நாலு பேரோடு போகிறவர் அல்லவா. வழியில் புகை அலாரம் மாதிரி, மூடிய கூடாரத்தில் சேரும் விஷவாயுவுக்கு இருக்கும் அலாரம் ஒன்றும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

அத்தையிடம் சொல்லட்டுமா என்றார். நானே சொல்கிறேன் என்று அப்போதே போன் போட்டேன். உங்கள் வீட்டம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவருக்கு நெஞ்சு வலி அதுக்கு முன்னாடியே இருந்துச்சுண்ணா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். சொன்னா ஏரிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டீங்கன்னு பயம்" என்றார்.

நீங்களுமா சார்?

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்குப் பயம் கூடிவிட்டது. வலியுள்ள நெஞ்சோடு அந்தப் புகையில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் எழுத்தை மறைத்தேன், நீங்கள் நெஞ்சை மறைத்தீர்கள், அந்தச் சின்னக் கூடாரத்தில் இரண்டுக்கும் இடம் இருந்திருக்கிறது. உங்கள் மேல் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று ராத்திரி பார்த்தபோது உங்கள் டேப் ஓரத்தில் உரிந்துகொண்டிருந்தது. அதைத் தொடவில்லை. பக்கத்தில் புது டேப் ஒட்டி, உங்கள் நாலு வரியையும் என் கையால் பார்த்து எழுதினேன். கீழே இடம் மிச்சமிருந்தது. ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன்: படிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் கேட்கவும்.

எழுதி முடித்து இரண்டு தரம் வாசித்த பிறகுதான் உறைத்தது. படிக்கத் தெரியாதவன் இதை எப்படிப் படிப்பான்? தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். நீங்கள் இருந்திருந்தால் குல்லாய் விழச் சிரித்திருப்பீர்கள்.

அதனால் காரில் ஹீட்டரை ஏற்றிய பிறகும் மாப்பிள்ளையை விடவில்லை. ஜன்னலை இறக்கச் சொல்லி, குளிரில் நின்றபடியே ஐந்து வரியையும் வாயால் வாசித்துக் காட்டினேன். அவர் திருப்பிச் சொல்லும்வரை கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

மத்தியானம் மணி ஒன்றரை. இந்நேரம் பற்றவைத்திருப்பார்கள். கரையேறியதும் கூப்பிடுவதாகச் சொன்னார், போன் மேஜை மேல் இருக்கிறது. அது அடிக்கும்வரை எழுதிக்கொண்டிருக்கிறேன், சார்.